ஒரே சிப், இருவேறு வேகம்: பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளின் புதிரை அவிழ்க்கும் முறை

எஸ்3 நிறுவனத்தின் டிரையோ64 சிப்பைக் கொண்ட இரண்டு பிசிஐ கார்டுகளை ஒரே பென்டியம் கணினியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்திச் சோதிப்பவருக்கு வியப்பான முடிவு ஒன்று கிடைக்கலாம். டாஸில் டூம் விளையாட்டு இரண்டிலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடும். விண்டோஸ் 95-க்குள் சென்று 800×600 திரையில் 16 பிட் வண்ணத்தைத் தேர்ந்தெடுத்ததும், ஒரு கார்டு சாளரங்களைச் சட்டெனத் தீட்டும். மற்றது கண்ணுக்குத் தெரியும்படி திணறும். சிப் ஒன்று, டிரைவர் ஒன்று, மதர்போர்டு ஒன்று. ஆனாலும் வேகம் இரண்டு.

விடை, கார்டின் மேல் உள்ள மெமரி சிப்புகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. அதன் கணக்கைப் பின்னர் விரிவாகப் போட்டுப் பார்ப்போம். முதலில் இந்த வகைப் புதிர்கள் அனைத்துக்கும் பொதுவான ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1990-களின் தொடக்கம் முதல் 2000-களின் தொடக்கம் வரை வந்த கார்டுகளில், வேக வேறுபாட்டுக்குச் சிப்பின் பெயர் காரணமாக இருப்பதைவிட, தரவு செல்லும் வழியில் எங்கோ ஓரிடத்தில் உள்ள குறுகல் காரணமாக இருப்பதே அதிகம். அந்த வழியை மூன்று துண்டுகளாகப் பிரிக்கலாம்: பிராசசரிலிருந்து பஸ் (மதர்போர்டில் கார்டு செருகப்படும் தரவுப் பாதை; ஐஎஸ்ஏ, விஎல்பி, பிசிஐ, ஏஜிபி ஆகியவை அதன் வகைகள்) வழியே கார்டு வரை ஒன்று, கார்டின் சிப்பிலிருந்து அதன் சொந்த மெமரி வரை மற்றொன்று, அந்த மெமரியிலிருந்து மானிட்டர் வரை மூன்றாவது. குறுகல் எந்தத் துண்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்தால் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். கார்டைக் குறை சொல்வதும் புகழ்வதும் அதன் பிறகுதான்.

அளப்பதற்கு முன்

பழைய கணினிகளில் நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் ஒத்துப்போகாமல் இருப்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் செத்துப்போன பேட்டரி. பயாஸ் (கணினியைத் துவக்கும் அடிப்படை நிரல்) அமைப்புகளைக் காத்துவைக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டால், கணினியை அணைத்து எழுப்பும்போதெல்லாம் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். பல 486 மதர்போர்டுகளில் அந்த நிலை என்பது மெமரியின் காத்திருப்புச் சுழற்சிகள் (பிராசசர் வெறுமனே காத்திருக்கும் கடிகாரத் துடிப்புகள்) மிகுந்ததாகவும், சிலவற்றில் வெளிக் கேஷ் (பிராசசருக்கு வெளியே உள்ள சிறிய, வேகமான மெமரி) அணைக்கப்பட்டதாகவும் இருக்கும். கார்டை மாற்றக் கணினியை அணைத்தாக வேண்டும் என்பதால், முதல் கார்டு நல்ல அமைப்பிலும் இரண்டாவது கார்டு மோசமான அமைப்பிலும் அளக்கப்பட்டு, இரண்டாவது கார்டுக்குக் கெட்ட பெயர் வந்துவிடும். பேட்டரியும் கடிகாரமும் ஒரே கறுப்புப் பெட்டியில் அடங்கிய டாலஸ் தொகுதி உள்ள மதர்போர்டாக இருந்தால், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அது உயிருடன் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

அடுத்து, டாஸ் சோதனைகளுக்கு எந்த மெமரி மேலாண்மை நிரலும் இல்லாத வெறும் துவக்கத்தைப் பயன்படுத்த வேண்டும். ஈஎம்எம்386 ஓடிக்கொண்டிருந்தால் பிராசசர் மெய்நிகர் 8086 நிலையில் இயங்குவதால் கொஞ்சம் வேகம் போகும். அது ஒரு சோதனையில் இருந்து மற்றொன்றில் இல்லாமல் போனால் குழப்பம்தான். ஒலியை அணைத்துவிட வேண்டும். டர்போ பொத்தான் (கணினியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்) எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது சிரிப்பை வரவழைக்கும் அறிவுரை என்றாலும், அதைப் பாராமல் பல மணி நேரம் வீணாகலாம்.

கார்டை மாற்றும் அதே நாளில் மெமரியையும் கூட்டக் கூடாது. இன்டெல் 430விஎக்ஸ், 430டிஎக்ஸ் சிப்செட்டுகள் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்புகள்) முதல் 64 மெகாபைட்டை மட்டுமே வெளிக் கேஷில் வைத்துக்கொள்ளும். விண்டோஸ் 95, 98 ஆகியவை மெமரியை மேலிருந்து கீழாக எடுத்துக்கொள்வதால், 128 மெகாபைட் பொருத்திய கணினி முன்னைவிட மந்தமாக நடந்துகொள்ளும். பழி புதிய கார்டின் மேல் விழும்.

இவற்றை நிலைப்படுத்திய பின், ஒரே கார்டை மூன்று முறை அளந்து, கழற்றி மீண்டும் பொருத்தி இன்னொரு முறை அளக்க வேண்டும். ஒரே கார்டின் எண்களே நூற்றுக்கு மூன்று நான்கு என்று ஆடினால், இரண்டு கார்டுகளுக்கு இடையே உள்ள நூற்றுக்கு ஐந்து வேறுபாட்டைப் பற்றிப் பேசுவதில் பொருள் இல்லை.

வாய்ப்பு இருந்தால் இரண்டாவது கணினி ஒன்றையும் வைத்துக்கொள்வது நல்லது; இரண்டு கார்டுகள், இரண்டு கணினிகள் என நான்கு எண்கள் கிடைக்கும். வேறுபாடு இரண்டு கணினிகளிலும் ஒரே விகிதத்தில் கார்டைப் பின்தொடர்ந்து வந்தால், குற்றம் கார்டுக்குள் இருக்கிறது. ஒரு கணினியில் மட்டும் தோன்றி மற்றதில் மறைந்தால், அந்தக் கணினியின் பஸ் அமைப்புக்கும் கார்டுக்கும் இடையே ஏதோ ஒத்துப்போகவில்லை. இரண்டிலும் எண்கள் சமமாக வந்துவிட்டால், சோதனை கார்டை அளக்கவே இல்லை, பிராசசரைத்தான் அளக்கிறது.

எந்தச் சோதனை எதை அளக்கிறது

வெவ்வேறு சோதனைகள் முரண்பட்ட விடை தருவதைக் கண்டு பலர் சோர்ந்துபோகிறார்கள். உண்மையில் அந்த முரண்தான் நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த தடயம்.

1993-இல் வந்த டூம், சுவர்களைச் செங்குத்துப் பத்திகளாக, நேரடியாகக் கார்டின் மெமரிக்குள்ளேயே வரைகிறது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனி பைட்டாகப் பஸ்ஸைக் கடக்கிறது. அடுத்த புள்ளி அடுத்த வரியில் இருப்பதால் முகவரிகள் தொடர்ச்சியாக வருவதில்லை. எனவே, ஒரு தனி பைட்டை எழுதக் கார்டும் பஸ்ஸும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கின்றன என்பதையே டூம் அளக்கிறது. விளையாடும்போது அதன் வேகம் நொடிக்கு 35 பிரேம்களுக்கு மேல் போகாது. அளவிட வேண்டுமானால் டைம்டெமோ முறையில் (பதிவான ஆட்டத்தை முழு வேகத்தில் ஓட்டி நேரம் எடுக்கும் முறை) மூன்றாவது டெமோவை ஓட்ட வேண்டும். அது முடிவில் 2134 கேம்டிக்குகளுக்கு (ஆட்டத்தின் படிகள்) எத்தனை ரியல்டிக்குகள் (நொடியில் 35-இல் ஒரு பங்கு) ஆயின என்று காட்டும். 74,690 என்ற எண்ணை அந்த ரியல்டிக்குகளால் வகுத்தால் நொடிக்கு எத்தனை பிரேம் என்பது கிடைக்கும்.

1996-இல் வந்த குவேக் இதற்கு நேர்மாறானது. அது முழுப் படத்தையும் கணினியின் மெமரியில் வரைந்து முடித்துவிட்டு, பிறகு தொடர்ச்சியான நான்கு பைட் எழுத்துகளாக (மெமரியில் ஒரு முறை எழுதும் செயலே இங்கே எழுத்து) மொத்தமாகக் கார்டுக்கு நகலெடுக்கிறது. 320×200-இல் ஒரு படம் 64,000 பைட்தான். ஆகவே வேகமான பிசிஐ பஸ்ஸில் நகலெடுப்பு மிகச் சிறிய பங்கே எடுத்துக்கொள்ளும், மீதமெல்லாம் பிராசசரின் மிதவைப்புள்ளிக் (தசம எண்) கணக்கு. குவேக்கை 320×200-இல் மட்டும் ஓட்டிவிட்டு ‘எல்லா பிசிஐ கார்டுகளும் ஒன்றுதான்’ என்று முடிவு கட்டுவது அதனால்தான் தவறு. 640×480-க்கு ஏற்றும்போது ஒரு படம் 3,07,200 பைட் ஆகிவிடும். அப்போதுதான் தொடர் எழுத்தின் வேகம் வெளியே தெரியும்.

இந்த இரண்டையும் அருகருகே வைத்தால் நிறைய சொல்லலாம். டூமில் பின்தங்கி குவேக்கில் சமமாக நிற்கும் கார்டுக்குத் தனி பைட் எழுத்துகளில் காத்திருப்பு அதிகம். உயர் திரை அளவில் குவேக்கில் மட்டும் பின்தங்கினால், பஸ்ஸின் தொடர் எழுத்து வசதி இயங்கவில்லை. இரண்டிலும் சமமாக நின்று விண்டோஸில் பின்தங்கினால், பஸ்ஸை விட்டுவிட்டுக் கார்டின் சொந்த மெமரியைப் பார்க்க வேண்டும்.

பஸ்: முதல் குறுகல்

ஐஎஸ்ஏ கார்டுகளில் தேட வேண்டியவை இரண்டு: பஸ் கடிகாரமும் தரவு அகலமும். பஸ் கடிகாரம் 8 மெகாஹெர்ட்ஸ் அளவில் இருக்க வேண்டும். ஆனால் பல பயாஸ்களில் 7.16 மெகாஹெர்ட்ஸ் என்ற தேர்வும், பிராசசர் கடிகாரத்தை மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என வகுக்கும் தேர்வுகளும் இருக்கும். 40 மெகாஹெர்ட்ஸ் 386-இல் ஆறால் வகுத்தால் 6.67 கிடைக்கும், ஐந்தால் வகுத்தால் சரியாக 8. அகலம் இதைவிட முக்கியம். 16 பிட் சுழற்சியில் நொடிக்கு ஏறத்தாழ 5 முதல் 8 மெகாபைட் வரை எழுதலாம்; 8 பிட் சுழற்சிக்கு இறங்கினால் ஒன்றரை மெகாபைட் சுமாருக்குள் அடங்கிவிடும். 64,000 பைட் கொண்ட படத்தை நொடிக்கு 35 முறை அனுப்பவே 2.24 மெகாபைட் தேவை என்பதை நினைத்தால் விளைவு புரியும்.

இங்கே ஒரு நுட்பமான பொறி இருக்கிறது. ஐஎஸ்ஏ பஸ்ஸில் ஒரு மெமரிப் பகுதி 16 பிட்டா 8 பிட்டா என்பது 128 கிலோபைட் அளவிலான துண்டுகளாகவே தீர்மானிக்கப்படுகிறது. விஜிஏ-வின் (அக்கால வண்ணத் திரைத் தரம்) வண்ணப் படப் பகுதியும் ஹெர்குலிஸ் போன்ற ஒற்றை வண்ணக் கார்டின் பகுதியும் ஒரே 128 கிலோபைட் துண்டுக்குள் வருகின்றன. இரட்டை மானிட்டருக்காக 8 பிட் ஹெர்குலிஸ் கார்டு ஒன்றையும் பொருத்தி வைத்திருக்கும் கணினியில், 16 பிட் விஜிஏ கார்டு 8 பிட்டாக இறங்கியாக வேண்டும். அருகிலுள்ள கார்டைக் கழற்றியதும் விஜிஏ வேகம் பெறுவது மாயம் போலத் தோன்றினாலும் காரணம் இதுவே. செங் லேப்ஸின் இடி4000 போன்ற வேகமான சிப் உள்ள கார்டு ஒரு மலிவான டிரைடென்ட் கார்டுக்குச் சமமாக ஓடினால், முதலில் 8/16 பிட் ஜம்பரையும் (அமைப்பை மாற்றும் சிறு இணைப்பான்), பூஜ்யக் காத்திருப்பு ஜம்பர் இருந்தால் அதையும் பாருங்கள்.

விஎல்பி கார்டுகள் 486-இன் பஸ்ஸோடு நேரடியாக இணைவதால், பிராசசரின் வெளிக் கடிகாரமே அவற்றின் கடிகாரம். டிஎக்ஸ்2-66 பிராசசரில் அது 33 மெகாஹெர்ட்ஸ், டிஎக்ஸ்2-50-இல் 25, டிஎக்ஸ்-50-இல் 50. ஆகவே பெயரில் 50 என்று முடியும் இரண்டு பிராசசர்களில் ஒரே கார்டு இரு விதமாக நடந்துகொள்வதில் வியப்பில்லை. மதர்போர்டில் 33 மெகாஹெர்ட்ஸுக்கு மேலா கீழா என்பதற்கு ஒரு ஜம்பரும், எழுதும்போது காத்திருப்பு வேண்டுமா வேண்டாமா என்பதற்கு இன்னொன்றும் இருக்கும். முன்னாள் உரிமையாளர் 40 மெகாஹெர்ட்ஸ் பிராசசருக்காக வைத்த நிலை, இன்று 33-இல் ஓடும் கணினியிலும் அப்படியே நின்று ஒரு காத்திருப்பைக் கூட்டிக்கொண்டிருக்கலாம்.

பென்டியம் காலத்து மதர்போர்டுகள் பெரும்பாலானவற்றில் பிசிஐ கடிகாரம் வெளிக் கடிகாரத்தில் பாதி. பென்டியம் 133-க்கு வெளிக் கடிகாரம் 66, பிசிஐ 33. பென்டியம் 150-க்கு வெளிக் கடிகாரம் 60, பிசிஐ 30. பென்டியம் 75-க்கு 50, 25. வேகமான பிராசசரில் கார்டு மெதுவாக எழுதுவது இதனால்தான். இரண்டு கணினிகளின் எண்களை ஒப்பிடும்போது பிராசசரின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு வெளிக் கடிகாரத்தை விட்டுவிட்டால் ஒப்பீடு செல்லாது. பயாஸில், பிராசசரிலிருந்து பிசிஐ-க்கு எழுதும் பஃபர் (தற்காலிகக் கிடங்கு), பிசிஐ பர்ஸ்ட் (தொடர் எழுத்து), பைட் மெர்ஜ் (தனி பைட்டுகளைச் சேர்த்து அனுப்புவது) ஆகிய மூன்றும் இயங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாக மாற்றி அளக்க வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் இயக்கிவிட்டுப் படம் சிதைந்தால் எது காரணம் என்று தெரியாது. பயாஸில் உள்ள வீடியோ பயாஸ் ஷேடோ (கார்டின் பயாஸை வேகமான மெமரியில் நகலெடுத்து வைப்பது) என்ற தேர்வு, கார்டின் பயாஸை அழைக்கும் நிரல்களுக்கு மட்டுமே பயன்படும். மெமரிக்கு நேராக எழுதும் விளையாட்டுகளில் அதனால் பெரிய மாற்றம் வராது. அதில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

பென்டியம் புரோ, பென்டியம் II கணினிகளில் இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. இந்தப் பிராசசர்கள் எந்த மெமரிப் பகுதியை எப்படிக் கையாள வேண்டும் என்பதை எம்டிஆர்ஆர் எனப்படும் பதிவேடுகள் தீர்மானிக்கின்றன. கார்டின் மெமரிப் பகுதி ‘கேஷ் செய்யாதே’ என்ற நிலையில் இருந்தால், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகப் பஸ்ஸுக்குச் செல்லும். எழுத்துகளைச் சேர்த்து அனுப்பும் நிலைக்கு மாற்றினால் அவை தொகுப்பாகச் செல்லும். பழைய பென்டியம் கணினியைவிடப் புதிய பென்டியம் புரோவில் டாஸ் குவேக் உயர் திரை அளவில் ஏமாற்றம் தருவதற்கு இதுவே முதன்மைக் காரணம். சில பயாஸ்களில் வீடியோ மெமரி கேஷ் முறை என்ற தேர்வில் யுஎஸ்டபிள்யூசி (எழுத்துகளைச் சேர்த்து அனுப்பும் நிலை) என்று வைத்தால் போதும். இல்லையென்றால் டாஸில் ஃபாஸ்ட்விட் என்ற சிறு நிரல் அதே வேலையைச் செய்யும். விஜிஏ-வின் பழைய பகுதிக்கும் இதை இயக்கினால் சில பழைய விளையாட்டுகளில் படம் கெடலாம் என்பதால், நேர்கோட்டு ஃபிரேம் பஃபர் (திரைப் படத்தை வைக்கும் மெமரி ஒரே நீளமாகத் தெரியும் இடம்) பகுதிக்கு மட்டும் முதலில் இயக்கிப் பார்ப்பது நல்லது. விண்டோஸில் பல டிரைவர்கள் இதைத் தாமே செய்துகொள்வதால், டாஸில் மெதுவாகவும் விண்டோஸில் வேகமாகவும் ஓடும் கார்டு என்ற இன்னொரு புதிருக்கும் இங்கே விடை கிடைக்கிறது.

அந்த நேர்கோட்டு ஃபிரேம் பஃபரே சில கார்டுகளின் பயாஸில் கிடைக்காது. வெசா 2.0 (கார்டுகளின் பயாஸுக்கான பொதுத் தரம்) ஆதரவு உள்ள கார்டில் முழு மெமரியும் ஒரே நீளமாகத் தெரியும், 1.2 மட்டும் உள்ள கார்டில் 64 கிலோபைட் சன்னலை நகர்த்தி நகர்த்தி எழுத வேண்டும். சைடெக் நிறுவனத்தின் யூனிவிபிஇ போன்ற நிரலை ஏற்றியதும் பின்தங்கிய கார்டு முன்னால் வந்துவிட்டால், வேறுபாடு பயாஸ் நிரலின் வயதில் இருந்ததே தவிர வன்பொருளில் இல்லை.

கார்டின் சொந்த மெமரி

இப்போது தொடக்கத்தில் விட்ட டிரையோ64 கணக்குக்கு வருவோம். அந்தச் சிப்பின் மெமரி இணைப்பு 64 பிட் அகலம் கொண்டது. அக்காலக் கார்டுகளில் பரவலாக இருந்த மெமரி சிப் ஒவ்வொன்றும் 16 பிட் அகலமும் 512 கிலோபைட் கொள்ளளவும் கொண்டது. இரண்டு சிப் பொருத்தினால் 1 மெகாபைட், அகலம் 32 பிட். நான்கு பொருத்தினால் 2 மெகாபைட், அகலம் 64 பிட். அதாவது 1 மெகாபைட் கார்டில், சிப்பின் பெயரில் உள்ள 64 பாதியாகிவிடுகிறது. சிர்ரஸ் லாஜிக் ஜிடி5434 கார்டுகளிலும் இதே நிலைதான்.

60 நானோசெகண்ட் ஃபாஸ்ட் பேஜ் சிப்புகள் ஒரே பக்கத்துக்குள் (மெமரியின் ஒரே வரிசைக்குள்) ஏறத்தாழ 40 நானோசெகண்டுக்கு ஒரு முறை தரவு தரும், நொடிக்கு 2.5 கோடி முறை. 32 பிட் அகலத்தில் இது உச்சமாக 100 மெகாபைட், 64 பிட் அகலத்தில் 200. இனி மானிட்டருக்குச் செல்லும் பங்கைக் கழிக்க வேண்டும். 800×600 திரை, 16 பிட் வண்ணம் என்றால் ஒரு படம் 9,60,000 பைட். 60 ஹெர்ட்ஸில் நொடிக்கு 57.6 மெகாபைட் வெறும் திரையைக் காட்டுவதற்கே போய்விடுகிறது. 1 மெகாபைட் கார்டில் வரைவதற்கு மிஞ்சுவது 42 மெகாபைட் அளவு. 2 மெகாபைட் கார்டில் 142. அகலம் இரண்டு மடங்கு, மிஞ்சும் வேகமோ மூன்று மடங்குக்கும் மேல். 72 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் திரையின் பங்கு 69 மெகாபைட் ஆகி, மிச்சம் 31-க்கும் 131-க்குமாக இன்னும் விலகும். நடைமுறை எண்கள் இந்த உச்சங்களைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் விகிதம் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

டாஸில் இரண்டும் சமமாக ஓடியதற்கும் இதே கணக்கு விடை சொல்கிறது. 320×200 படத்தின் ஒவ்வொரு வரியும் இருமுறை காட்டப்பட்டாலும், 70 ஹெர்ட்ஸில் அது 9 மெகாபைட் சுமார்தான். மிச்சம் தாராளமாக இருப்பதால் பஸ்தான் எல்லை.

இதிலிருந்து ஒரு மலிவான சோதனை கிடைக்கிறது: விண்டோஸில் வேறு எதையும் மாற்றாமல் புதுப்பிப்பு வீதத்தை (ஹெர்ட்ஸ் எண்ணை) மட்டும் குறைத்து, அதே வரைதல் சோதனையை மீண்டும் ஓட்டுங்கள். வேகம் உயர்ந்தால் குறுகல் கார்டின் மெமரியில் இருக்கிறது, அசையாவிட்டால் வேறெங்கோ. இந்தச் சோதனையில் சற்றும் அசையாத கார்டுகளும் உண்டு. எஸ்3-யின் விஷன்864 சாதாரண டிரேம் பயன்படுத்த, அதே தலைமுறையின் 964 விரேம் பயன்படுத்தியது. விரேமுக்கும், 1995-இல் வந்த மேட்ராக்ஸ் மில்லெனியத்தின் டபிள்யூரேமுக்கும் மானிட்டருக்கென்று தனி வாயில் உண்டு என்பதால், திரையைக் காட்டும் வேலை வரையும் வேலையைத் தின்பதில்லை. 640×480-இல் சமமாக நிற்கும் டிரேம் கார்டும் விரேம் கார்டும் 1024×768-இல் வெகுவாகப் பிரிவது இதனால்தான்.

மெமரி சிப்புகள் சாக்கெட்டில் செருகப்பட்டிருந்தால், சந்தேகத்தை முற்றிலும் தீர்க்கும் வழி ஒன்று இருக்கிறது. 2 மெகாபைட் கார்டிலிருந்து, விரிவாக்கத்துக்கான இரண்டு சிப்புகளையும் அதற்குரிய இடுக்கியால் எடுத்துவிட்டு 1 மெகாபைட்டாக அளந்து பாருங்கள். எண் மற்ற கார்டின் எண்ணுக்கு அருகில் இறங்கிவந்தால் வழக்கு முடிந்தது. எடுத்த சிப்புகளை மற்ற கார்டில் செருகி அது ஏறுகிறதா என்றும் பார்க்கலாம். அப்போது சிப்பின் மேல் உள்ள 60, 70 போன்ற நானோசெகண்ட் குறியைக் கவனிக்க வேண்டும்.

பிற்காலக் கார்டுகளில் இந்தக் கதை பெயர் மாறித் திரும்ப வந்தது. ரிவா டிஎன்டி2 128 பிட் மெமரி கொண்டது. அதன் எம்64 வகை 64 பிட். 150 மெகாஹெர்ட்ஸ் எஸ்டிரேம் (கடிகாரத்தோடு ஒத்தியங்கும் மெமரி) என்றால் முன்னதற்கு நொடிக்கு 2.4 ஜிகாபைட், பின்னதற்கு 1.2. 1999-இல் வந்த ஜிஃபோர்ஸ் 256 கார்டின் எஸ்டிஆர் வகைக்கு 166 மெகாஹெர்ட்ஸில் 2.66 ஜிகாபைட், ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரு முறை தரவு தரும் டிடிஆர் வகைக்கு 150 மெகாஹெர்ட்ஸிலேயே 4.8. பெட்டியும் ஸ்டிக்கரும் தொலைந்துபோன பழைய கார்டை அடையாளம் காண, மெமரி சிப்புகளை எண்ணி, சிப்பின் எண்ணை வைத்து அதன் அகலத்தைத் தேடி, இரண்டையும் பெருக்க வேண்டும். 16 பிட் சிப் நான்கு இருந்தால் 64 பிட். எட்டு இருந்தால் 128. பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். எஸ்டிரேம் சிப்பின் எண்ணின் இறுதியில் 7 என்று இருந்தால் 7 நானோசெகண்ட், அதாவது ஏறத்தாழ 143 மெகாஹெர்ட்ஸ். 6 என்றால் 166.

முப்பரிமாணக் கார்டுகள்

ஏஜிபி காலத்துக்கு வந்ததும் முதல் சோதனை எளிது: ஒரே விளையாட்டை 640×480, 800×600, 1024×768 என மூன்று அளவுகளில் ஓட்டுங்கள். எண் சற்றும் இறங்காவிட்டால் எல்லை பிராசசரும் டிரைவரும். சீராக இறங்கினால் எல்லை கார்டு. இந்தப் படியைத் தாண்டிவிட்டு, மெதுவான பிராசசரில் இரண்டு கார்டுகள் சமம் என்று எழுதப்பட்ட ஒப்பீடுகள் ஏராளம். மாறாக, மிகக் குறைந்த திரை அளவிலும் ஒரு கார்டு பின்தங்கினால் சந்தேகம் டிரைவரின் மேல் விழ வேண்டும். பிற்காலக் கார்டுகளையும் சேர்த்து ஆதரிக்கும் புதிய டிரைவர், பழைய பிராசசருக்குச் சுமையாக அமைவது வழக்கம். கார்டு வெளிவந்த காலத்தை ஒட்டிய டிரைவரையும் ஒருமுறை நிறுவி அளந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது திரையோடு ஒத்திசையும் விசிங்க் அமைப்பு. இரட்டை பஃபரில் (ஒரு படத்தைக் காட்டும்போதே அடுத்ததை வரையும் முறை) அது இயங்கினால், 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்தை 16 மில்லிசெகண்டில் முடிக்கும் கார்டு 60 பிரேம் காட்டும். 18 மில்லிசெகண்ட் எடுக்கும் கார்டு அடுத்த சுழற்சிக்குக் காத்திருந்து 30 காட்டும். எட்டில் ஒரு பங்கு வேறுபாடு இரு மடங்காகப் பெருகித் தெரிகிறது. எண்கள் 60, 30, 20 என்ற படிகளில் குந்தியிருந்தாலோ, புதுப்பிப்பு வீதத்தை மாற்றியதும் பிரேம் எண்ணும் கூடவே மாறினாலோ இதுதான் காரணம். 3டிஎஃப்எக்ஸ் கார்டுகளில் கிளைடு எனும் அவற்றின் வரைதல் நிரலகத்தின் ஸ்வாப் இடைவெளியைச் சூழல் மாறி ஒன்றின் மூலம் பூஜ்யமாக வைத்து அணைக்கலாம்.

ஏஜிபி என்று பெயர் இருந்தாலும் ஏஜிபியாக இயங்குகிறதா என்பது வேறு கேள்வி. வியா, ஆலி சிப்செட் மதர்போர்டுகளில் சிப்செட்டுக்குரிய டிரைவரைத் தனியே நிறுவாவிட்டால், கார்டு வேகமான பிசிஐ கார்டைப் போலவே நடந்துகொள்ளும். இன்டெல் 440பிஎக்ஸ் மதர்போர்டை 133 மெகாஹெர்ட்ஸில் ஓட்டுபவர்களுக்கு நேரெதிரான விபத்து: அந்தச் சிப்செட்டில் ஏஜிபிக்குப் பாதி வகுத்தல் இல்லாததால், 66-இல் ஓட வேண்டிய ஏஜிபி 89-இல் ஓடும். அங்கே ஒரு கார்டு வழக்கத்தைவிட நன்றாக ஓடுவதும் இன்னொன்று உறைந்து நிற்பதும் கார்டுகளின் தரத்தைக் காட்டுவதில்லை. ஏஜிபி அப்பர்ச்சர் (பரப்புகளில் ஒட்டும் படங்களான டெக்ஸ்சர்களுக்குக் கணினியின் மெமரியில் ஒதுக்கும் இடம்) அளவை 32, 64, 128 என்று மாற்றிப் பார்ப்பதில் பலர் மாலைப் பொழுதுகளைக் கழிக்கிறார்கள். டெக்ஸ்சர்கள் கார்டின் மெமரிக்குள்ளேயே அடங்கிவிடும் விளையாட்டுகளில் அதனால் ஏதும் நடக்காது.

டெக்ஸ்சர்கள் அடங்காதபோது வேறுபாட்டின் வடிவமே மாறும். 1998-இல் வந்த வூடூ2-வின் 8 மெகாபைட், 12 மெகாபைட் வகைகள் இரண்டுக்கும் 90 மெகாஹெர்ட்ஸ் கடிகாரமும் 4 மெகாபைட் ஃபிரேம் பஃபரும் ஒன்றுதான்; டெக்ஸ்சர் அலகு ஒவ்வொன்றுக்கும் உள்ள மெமரி மட்டும் 2, 4 மெகாபைட் என வேறுபடும். பழைய விளையாட்டுகளில் சராசரி எண் அச்சு அசலாக ஒத்திருக்க, டெக்ஸ்சர் மிகுந்தவற்றில் 8 மெகாபைட் கார்டு திடீர் திடீரென நின்று நகரும். சராசரி இதை மறைத்துவிடும் என்பதால், மிகக் குறைந்த பிரேம் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, இரண்டு கார்டுகளும் ஒரே படத்தைத்தான் வரைகின்றனவா என்று திரையை உற்றுப் பார்க்க வேண்டும். 1996-இன் மேட்ராக்ஸ் மிஸ்டிக்கில் பைலினியர் வடிகட்டல் (டெக்ஸ்சரின் கட்டங்களை மென்மையாக்குவது) கிடையாது; ஒளி ஊடுருவும் பரப்புகளைப் புள்ளிக் கட்டமாகத் தீட்டிச் சமாளிக்கும். அதே ஆண்டின் எஸ்3 விர்ஜ் வடிகட்டும், ஆனால் வடிகட்டத் தொடங்கியதும் தளர்ந்துவிடும். இரண்டின் பிரேம் எண்களை மட்டும் வைத்து மிஸ்டிக் இத்தனை மடங்கு வேகம் என்று சொன்னால், ஒன்று செய்யாத வேலையை மற்றதன் கணக்கில் எழுதுவதாக ஆகும். வடிகட்டலை விர்ஜிலும் அணைத்துவிட்டு அளக்க வேண்டும். 16 பிட், 32 பிட் வண்ணத் தேர்வையும் அப்படியே சமப்படுத்த வேண்டும், ஏனெனில் வூடூ3 போன்ற கார்டுகள் 32 பிட் கேட்கும் விளையாட்டிலும் முப்பரிமாணத்தை 16 பிட்டிலேயே வரையும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் வெளிக் கடிகாரம், மெமரி அகலம், திரை அளவு, வண்ண ஆழம், புதுப்பிப்பு வீதம், டிரைவர் பதிப்பு, விசிங்க் நிலை ஆகிய ஏழையும் எழுதி வையுங்கள். ஏழும் ஒத்திருந்தும் மிஞ்சி நிற்கும் வேறுபாட்டை மட்டும் சிப்பின் பெயரில் பதியலாம்.